கொடுபட வேண்டிய சம்பளம்

பி.காம். முதல் ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு, வகுப்பில் எல்லோரும் ஒரு நிமிடத்தில் போட்டுவிடும் கணக்கு. கடைக்காரர் ஒருவர் தன் கடையிலிருந்து 500 ரூபாய்ச் சரக்கைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்கிறார். குறிப்பேட்டில் பதிவு செய்க. எடுப்புகள் கணக்கில் பற்று, கொள்முதல் கணக்கில் வரவு. முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் போட்ட கணக்கையே கல்லூரியில் ஆங்கிலத்தில் போட்டேன்.

பிடித்ததற்குக் காரணம், அது எங்கள் வீட்டில் தினமும் நடந்தது. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் ஒரு கிராமத்தில் அப்பாவுக்கு மளிகைக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. உலை கொதிக்கும்போது அம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்து மூட்டையிலிருந்து ஒரு டம்ளர் துவரம்பருப்பை அள்ளிக்கொண்டு போவார். திரையைத் தாண்டும் நொடியில் அந்தப் பருப்பு 'சரக்கு' என்ற பெயரை இழந்து 'எடுப்பு' ஆகிவிடுகிறது என்று கல்லூரியில் கற்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டுத் திரைக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது: வணிகத் தனித்தன்மைக் கருத்து. கடை வேறு, கடைக்காரர் வேறு. அவர் கடைக்குப் போடும் பணம் முதல். கடையிலிருந்து எடுப்பது எடுப்பு. இரண்டையும் கலந்தால் கடைக்கு உண்மையில் லாபமா நட்டமா என்று ஒருபோதும் தெரியாது.

இன்றும் இந்தக் கருத்தை நான் மதிக்கிறேன். கிராமத்துக் கடைகள் பல நொடித்துப்போவது கல்லாப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான். ஆனால் திரை இரண்டு பக்கமும் திறக்கும். பதினோரு மணிக்கு அப்பா சரக்கெடுக்கப் பெரம்பலூருக்குக் கிளம்பினால் இரண்டு மணி வரை கடையில் உட்காருவது அம்மா. சாயங்காலம் சர்க்கரையை அரைக் கிலோ, கால் கிலோ என்று நிறுத்துப் பொட்டலம் கட்டுவது, பயறில் கல் பொறுக்குவது, மூட்டை இறக்க வந்தவர்களுக்குச் சோறு போடுவது, கடன் சொன்னவர்களின் பெயரை மறக்காமல் வைத்திருந்து அப்பாவிடம் சொல்வது எல்லாம் அம்மா. பருப்பு கடையிலிருந்து வீட்டுக்குப் போனால் ஒரு பதிவு உண்டு. அம்மாவின் ஐந்து மணி நேரம் வீட்டிலிருந்து கடைக்கு வந்தால் பதிவு கிடையாது.

பற்று வரவு விதிகளில் ஒன்று, பெறுபவர் கணக்கில் பற்று எழுது, கொடுப்பவர் கணக்கில் வரவு வை என்கிறது. கொடுப்பவர் அம்மா. அவருக்குப் பேரேட்டில் ஒரு பக்கமே இல்லை.

இதை வகுப்பில் கேட்டேன். எங்கள் ஆசிரியை அக்கறையாகப் பாடம் நடத்துபவர், கேள்வி கேட்டால் கோபிக்காதவர். "பணத்தால அளக்க முடிஞ்சதைத்தாம்மா எழுத முடியும். அம்மா பாசத்தையெல்லாம் பேரேட்டுல ஏத்த முடியுமா?" என்றார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். நான் பாசத்தைப் பற்றிக் கேட்கவில்லை, பொட்டலம் கட்டுவதைப் பற்றித்தான் கேட்டேன் என்பது மதியச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது.

*

அளக்க முடியாததை எழுத முடியாது என்பதைப் பாடப் புத்தகத்தை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பி.காம். படித்த யாருக்கும் ரெட்டி–மூர்த்தி புத்தகம் தெரியும். கல்லூரிப் பேருந்தில் மடியில் கனக்கும் புத்தகம். பாடத்திட்டத்தில் தேய்மானம் வருகிறது. இயந்திரம் எத்தனை ஆண்டு உழைக்கும், கடைசியில் என்ன விலைக்குப் போகும் என்பது யாருக்கும் தெரியாது, மதிப்பிடுகிறோம். ஐயக்கடன் ஒதுக்கு வருகிறது. கடன் வாங்கியவர்களில் எத்தனை பேர் ஏமாற்றுவார்கள் என்று முன்கூட்டியே ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று எடுத்து வைக்கிறோம். சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் டன்னுக்கு இவ்வளவு என்று நில உரிமையாளருக்குக் கொடுக்கும் உரிமத்தொகைக் கணக்கு வருகிறது. அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்த தோழிகளுக்கு அது சட்டென்று புரிந்தது. அவர்கள் ஊரில் சுண்ணாம்புக்கல் பூமிக்கு அடியிலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எடுக்க எடுக்கக் குறைவதற்கும் ஒரு கணக்கு உண்டு என்பது அவர்களுக்குப் புதிதல்ல.

எல்லாவற்றுக்கும் மேலே நற்பெயர். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது. வாடிக்கையாளர் ஏன் இந்தக் கடையைத் தேடி வருகிறார் என்பதற்கான விலை அது. கடந்த சில ஆண்டுகளின் லாபத்தைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதை இரண்டாலோ மூன்றாலோ பெருக்கி, இதுதான் நற்பெயரின் மதிப்பு என்று எழுதுகிறோம். கடன் கேட்டவரின் முகம் சுண்டாமல் பதில் சொல்லி அனுப்பிய அம்மாவும் சேர்ந்துதானே எங்கள் கடையின் நற்பெயரை உண்டாக்கினார்? நற்பெயரை அளக்கிறவர்களால் பொட்டலத்தை அளக்க முடியாதா? ஆக, அளக்க முடியாமை காரணமல்ல. எதை அளப்பது என்பதை யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவை நாம் விதி என்று மனப்பாடம் செய்கிறோம்.

நற்பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டாண்மைக் கணக்கில் அது எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. புதிய கூட்டாளி சேரும்போது, ஒருவர் விலகும்போது, அல்லது ஒருவர் இறக்கும்போதுதான் அதை மதிப்பிட்டு எழுதுகிறோம். இது பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அதன் பொருள் எனக்கு இரண்டாம் ஆண்டில் வேறு இடத்தில் புரிந்தது. அதற்கு முன் எங்கள் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

*

எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளை பி.காம். சேர்ப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அறிவியல் பாடங்களைப் போல ஆய்வகத்துக்காக மாலை வரை நிற்க வேண்டாம், செலவு குறைவு, முடித்தவுடன் டேலி படித்தால் பக்கத்திலேயே ஒரு வேலை. பெரம்பலூர் ஜவுளிக் கடையில், விதை உரக் கடையில், அரியலூரில் சிமெண்ட் ஏஜென்சியில், லாரி புக்கிங் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலர் இப்படி வந்தவர்கள். கல்யாணம் ஆகும்வரை வேலை, குறைந்த சம்பளம், பணப்பெட்டிச் சாவி மட்டும் கையில் கிடையாது. ஊரார் கணக்கையெல்லாம் எழுதுகிறவளுக்குத் தன் சம்பளம் என்ன கணக்கில் முடிவானது என்று கேட்க வாய் வராது. இப்போது அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் பெயரிலேயே வருகிறது. நான் படித்தபோது பேருந்துக் காசு கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கணக்கு ஆண்களின் தொழில் என்ற எண்ணம் எனக்கே இருந்தது. ஊரில் 'கணக்குப்பிள்ளை' என்ற சொல்லுக்குப் பெண்பால் இல்லை. மூன்று ஆண்டு படித்தும் ஆர். சிவபோகம் என்ற பெயரை நான் கேள்விப்படவில்லை. சென்னைப் பெண். 1907இல் பிறந்தவர். ராணி மேரி கல்லூரியில் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் ஓராண்டு சிறையில் இருந்தார். அங்கேதான் கணக்கியல் படிப்பதென்று முடிவு செய்தார். 1933இல் அரசுக் கணக்கியல் பட்டயம் பெற்று இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்யக்கூடாது என்று தடை இருந்தது. வழக்காடி வென்றுதான் தொழில் தொடங்கினார். 1949இல் பட்டயக் கணக்காளர் நிறுவனம் உருவான பிறகு, 1955 முதல் 1958 வரை அதன் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். பச்சியோலி 1494இல் வெனிஸில் இரட்டைப்பதிவு முறையை அச்சிட்டார் என்பதை எங்கள் பாடம் சொன்னது. நாலரை மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்த சென்னையின் சிவபோகத்தைச் சொல்லவில்லை.

சிவபோகம் கதவைத் திறந்தார், நாங்கள் நுழைந்தோம். ஆனால் கணக்கு எழுதப் பெண் வந்துவிட்டாள் என்பதும், கணக்கில் பெண்ணின் உழைப்பு வந்துவிட்டது என்பதும் வேறு வேறு. முதலாவது நடந்திருக்கிறது. இரண்டாவது நடக்கவில்லை என்பதை என் பெரியம்மாவின் சாவில் பார்த்தேன்.

*

அம்மா வாழ்க்கைப்பட்டது பெரம்பலூர்ப் பக்கம், பெரியம்மா அரியலூர்ப் பக்கம். இரண்டும் ஒன்றாக இருந்தவை. 2001இல் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், 2002இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மீண்டும் பிரித்தார்கள். எந்த மாவட்டமானாலும் அக்காவும் தங்கையும் செய்தது ஒரே வேலை. வீட்டில் விடிவதற்கு முன் தொடங்குவது. காட்டில் சின்ன வெங்காயம் நடுவது, களை எடுப்பது, அறுவடைக்குப் பின் உட்கார்ந்து தாள் அறுப்பது. பருத்தி எடுப்பது, மக்காச்சோளம் ஒடிப்பது.

2012இல், சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த ஒரு லாரி மோதிப் பெரியம்மா இறந்துபோனார். நாற்பத்தேழு வயது. பெரியப்பா, இரண்டு பிள்ளைகள். நான் கணக்கு படிக்கிறவள் என்பதால் இழப்பீட்டு வழக்குக்கான காகிதங்களைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. தொழில் என்ற கட்டத்தில் வக்கீலின் குமாஸ்தா 'வீட்டு வேலை' என்று எழுதி, வருமானம் என்ற கட்டத்தில் கோடு போட்டார். காட்டு வேலைக் கூலிக்குச் சான்று எதுவும் இல்லை. அவர் உழைப்பு அவர் பெயரிலேயே எழுதப்பட்டிருந்த ஒரே காகிதம் நூறு நாள் வேலை அட்டை.

வீட்டுப் பெண்ணின் உழைப்புக்குச் சட்டம் விலை போட்டது பெரும்பாலும் இப்படி, அவள் இறந்த பிறகுதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சம்பாதிக்காத மனைவி இறந்தால் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அவளுடைய வருமானமாகக் கொள்ளலாம் என்று இருந்தது. வேலை ஒன்றேயானாலும் எழுத்தர் மனைவியின் சமையல் ஒரு விலை, கூலிக்காரர் மனைவியின் சமையல் இன்னொரு விலை. 2001இல் ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம், 34 முதல் 59 வயது வரையிலான இல்லத்தரசிகளின் பணியை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2010இல் இன்னொரு வழக்கில் நீதிபதி ஏ.கே. கங்குலி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளிகள், கைதிகளோடு ஒரே வகையில் சேர்த்திருப்பதைக் கண்டித்தார். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இல்லத்தரசிக்கு வருமானம் கணிப்பது அவள் உழைப்பை அங்கீகரிப்பதாகும் என்று விளக்கியது.

எங்கள் வழக்கில் தீர்ப்பு 2014இல் வந்தது. பெரியம்மாவின் மாத வருமானம் 4,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு 54,000. அதில் மூன்றில் ஒரு பங்கை அவருடைய சொந்தச் செலவாகக் கழித்தார்கள். மீதி 36,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 13. மொத்தம் 4,68,000. ஈமச் செலவு முதலியவை தனி.

கணக்கு சரிதான். உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த முறைப்படி ஒரு பைசா பிசகில்லை. நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்த மூன்றில் ஒரு பங்கை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியதைச் சாப்பிட்டவர் பெரியம்மா. இறந்த நாளில் கட்டியிருந்தது சின்ன அக்காவின் பழைய சேலை. தன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர் தனக்காகச் செலவழித்திருப்பார் என்று யாரோ நம்பியதை நினைத்தால் அழுகைக்கு முன்னால் சிரிப்பு வருகிறது. இன்னொன்று. வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம் உண்டு. மோதிய லாரி எவ்வளவு தேய்ந்தது என்பதை ஆண்டுதோறும் யாரோ ஒரு பி.காம். படித்தவர், ஒருவேளை ஒரு பெண்ணே, எழுதிக்கொண்டிருந்திருப்பார். வெங்காயக் காட்டில் குனிந்தே தேய்ந்த பெரியம்மாவின் முதுகுக்கு நாற்பத்தேழு ஆண்டுகளில் ஒரு பதிவும் இல்லை. கூட்டாளி இறந்த பிறகு எழுதப்படும் நற்பெயர் மாதிரி, கடைசியில் ஒரே ஒரு தடவை எழுதினார்கள்.

*

இது ஒரு கடையின், ஒரு தீர்ப்பாயத்தின் குறை மட்டும் என்று நினைத்திருந்தேன். நாட்டுக் கணக்கும் அப்படித்தான் எழுதப்படுகிறது என்று பிறகு தெரிந்தது. நியூசிலாந்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் மெரிலின் வாரிங் 1988இல் வெளியிட்ட 'இஃப் விமன் கவுன்டட்' என்ற நூலில் இதைத்தான் அம்பலப்படுத்தினார். சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத்தானே கொடுக்காத வாடகையை மதிப்பிட்டு நாட்டின் உற்பத்தியில் சேர்க்கிறார்கள். அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்குவதை, அதில் சமைப்பதை, கிழவரைக் குளிப்பாட்டுவதைச் சேர்ப்பதில்லை. இந்தியாவில் 2019இல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம். அதே வேலையில் ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024 ஆய்வில் 289, 88. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது.

தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தது. கணக்கு படித்தவளுக்கு இந்தச் சொல் முக்கியம். உதவி என்றால் கொடுப்பவரின் செலவு. உரிமை என்றால் ஏற்கெனவே இருந்த பொறுப்பின் ஒரு பகுதியை அடைப்பது. தொகை சிறியது. ஆனால் பாக்கி இருக்கிறது என்பதை ஒரு பதிவேடு ஒப்புக்கொண்டிருக்கிறது.

வீட்டு வேலைக்கு விலை போடுவதே தீர்வு என்று நான் சொல்லவில்லை. பொருளாதாரம் கற்றுக்கொடுக்கும் இரண்டு வழிகளிலும் ஓட்டை இருக்கிறது. அந்த வேலைக்கு வேறு ஆள் வைத்தால் என்ன கூலி என்று பார்ப்பது ஒன்று. அந்தக் கூலியே, பெண்கள் செய்வதால், அதிலும் எங்கள் பக்கம் தலித் பெண்கள் செய்வதால், அடிமாட்டு விலையில் இருக்கிறது. 1976லேயே சம ஊதியச் சட்டம் வந்தும் காட்டில் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு என்பதை யாரும் மறைப்பதுகூட இல்லை. அந்த நேரத்தில் அவள் வெளியே வேலை செய்திருந்தால் என்ன சம்பாதித்திருப்பாள் என்று பார்ப்பது இரண்டாவது. அப்படிப் பார்த்தால் நான் கழுவும் பாத்திரம் அம்மா கழுவும் பாத்திரத்தைவிட விலை கூடியதாகிவிடும். பாத்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. விலை போடுவதற்கு முன்னால் நடக்க வேண்டியது, பதிவு. எழுதினால்தான் விலை சரியா தவறா என்று சண்டை போடவாவது முடியும்.

*

படிப்பை முடித்துப் பெரம்பலூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன். கடைக்குக் கணக்கெழுதும் வேலையையும் அப்பா என்னிடம் விட்டுவிட்டார். பட்டதாரி மகள், செலவில்லாத கணக்குப்பிள்ளை. பரம்பரைத் தொழிலை நானும் தொடர்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

அம்மாவுக்குச் சம்பளம் எழுதலாமா என்று யோசித்தபோது முதலில் குறுக்கே வந்தது மூன்றாம் ஆண்டில் படித்த வருமான வரிப் பாடம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, ஒருவர் கணிசமான பங்கு வைத்திருக்கும் தொழிலில் அவர் துணைவருக்குச் சம்பளம் கொடுத்தால் அதை அவருடைய வருமானத்தோடேயே சேர்க்கச் சொன்னது. துணைவருக்குத் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அதனாலேயே அந்தச் சம்பளம் வந்திருந்தால் மட்டும் விலக்கு. வரி ஏய்ப்பைத் தடுக்க வந்த பிரிவு அது; மனைவி பெயரில் பொய்ச் சம்பளம் எழுதுபவர்களை அலுவலகத்தில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பொய்ச் சம்பளத்தைப் பிடிக்க விரித்த வலையில் நிஜ உழைப்பும் சிக்கிக்கொள்கிறது. முப்பது ஆண்டு கடை நடத்திய அம்மாவிடம் சான்றிதழ் இல்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பு எனக்குத் தெம்பு தந்தது. கணவர் சவூதியில் சம்பாதித்தார், மனைவி ஊரில் இருந்து குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்தார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சமபங்கு உண்டு என்றது தீர்ப்பு. அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் அடிப்படை. வீட்டுக்கு வீடு வெளிநாட்டில் ஒருவர் இருக்கும் எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு இல்லை. செய்தித்தாளை எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டி, கடையை இரண்டு பேர் பெயரிலும் கூட்டாண்மை ஆக்கிவிடலாம் என்றேன்.

"ஊர் சிரிக்கும். பொண்டாட்டிகூட யாராவது பத்திரம் போடுவானா?" என்றார் அப்பா.

அம்மா பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்: "ஏம் புள்ள, கூட்டாளின்னா கடன்லயும் பங்கு வருமா?"

வரும் என்றேன். கூட்டாண்மையில் பொறுப்புக்கு வரம்பில்லை; கடையின் கடனுக்குச் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் தனியாக எழுதாவிட்டால் கூட்டாளிக்குச் சம்பளமும் கிடையாது.

"கடன்ல எனக்குப் பங்கு எப்பவோ வந்துருச்சு. என் செயின் பேங்க்ல இருக்குல்ல, அது எந்தக் கடைக்காக? லாபத்துலதான் எழுதலை" என்றார்.

மூன்று ஆண்டில் நான் படித்த கூட்டாண்மைக் கணக்கை அம்மா மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

*

கணக்கியலில் முழுமை பெறாப் பதிவேடுகள் என்று ஒரு பாடம் உண்டு. சரியாகக் கணக்கெழுதாத சிறு கடைக்காரரின் லாபத்தைக் கண்டுபிடிக்கும் முறை. ஆண்டின் தொடக்கத்தில் முதல் எவ்வளவு, முடிவில் எவ்வளவு, நடுவில் எடுத்தது எவ்வளவு, புதிதாகப் போட்டது எவ்வளவு என்று பார்த்தால், எழுதாமல் விட்டது தானாக வெளியே வரும். எழுதவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது என்று சொல்லும் பாடம் இது. பெண்களின் உழைப்பை மறைக்கும் பாடத்திட்டத்துக்குள்ளேயே அதைக் கண்டுபிடிக்கும் கருவியும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் படிப்பை நான் வெறுக்கவில்லை. இதை வாசிக்கும் மாணவிகளையும் வெறுக்கச் சொல்ல மாட்டேன். நன்றாகப் படியுங்கள். விதிகள் தெரிந்தவளால்தான் விதி எங்கே நின்றுவிடுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

போன ஆண்டு ஏப்ரல் 1 முதல் கடையின் பேரேட்டில் அம்மா பெயரில் ஒரு பக்கம் தொடங்கினேன். முன்பு கடையில் வேலைக்கு இருந்த பையனுக்கு அரை நாளுக்கு 200 ரூபாய் கொடுத்தோம். பெண் கூலி என்று குறைக்காமல் அதையே எடுத்துக்கொண்டேன். மாதம் 6,000. பணம் கைமாறவில்லை, அதனால் பாடத்தில் உள்ளபடி சம்பளக் கணக்கில் பற்று, கொடுபட வேண்டிய சம்பளக் கணக்கில் வரவு. வீட்டு வேலையை இதில் சேர்க்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நடந்ததை மட்டும் எழுதினேன்.

மார்ச் 31இல் கணக்கை முடித்தபோது, வழக்கமாக எழுதியிருந்தால் 1,86,000 என்று வந்திருக்க வேண்டிய லாபம் 1,14,000 ஆனது. இருப்புநிலைக் குறிப்பில் இடப்பக்கம், மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியதற்குக் கீழே, 72,000 ரூபாய் நின்றது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவி வந்தார். அந்த வரியில் விரல் நின்றது.

"இது யாருக்குக் கடன்?"

திரைக்கு அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. நான் பதில் சொல்லவில்லை. பெயரை எழுதித்தான் இருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மூடிப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. பணம் இன்னும் கொடுக்கவில்லை. புதிய ஆண்டின் தொடக்க இருப்பில் அதை முதல் வேலையாகக் கொண்டுவந்து எழுதியிருக்கிறேன்.